கலை நிகழ்ச்சியா, மாத நன்கொடையா? சேவைச் சங்கத்துக்கு எந்தப் பணம் பொருந்தும்

ரோட்டரி, லயன்ஸ் இரண்டு அமைப்புகளிலும் சங்க ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். புதுத் தலைவர், புதுச் செயலர், புதுப் பொருளாளர். மாலை மரியாதையெல்லாம் முடிந்து முதல் நிர்வாகக் கூட்டம் கூடும்போது எழுகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த வருஷம் நிதிக்கு என்ன செய்யலாம்?" ஒருவர் கலை நிகழ்ச்சி என்பார். ஒருவர் குலுக்கல் சீட்டு என்பார். "எனக்கு ஒரு கம்பெனிக்காரரைத் தெரியும், கேட்டுப் பார்க்கலாம்" என்பார் மூன்றாமவர். கடைசியில் போன வருஷம் செய்ததையே இந்த வருஷமும் செய்வதாக முடிவாகும். எதற்காக அந்தப் பணம் என்ற பேச்சு அனேகமாக மூன்றாவது கூட்டத்தில்தான் வரும்.

நான் ஒரு சங்கத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். கலை நிகழ்ச்சி, குலுக்கல், ஸ்பான்சர், மானியம், மாத நன்கொடை என்று எல்லாவற்றுக்கும் ரசீது கிழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த வழியில் அதிகம் வரும் என்று கேட்பதைவிட இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. செலவு போக மிஞ்சுவது எவ்வளவு, அதற்கு உறுப்பினர்கள் எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்பது ஒன்று. வருகிற பணம் ஒருமுறை வருகிற பணமா, வந்துகொண்டே இருக்கிற பணமா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

எல்லோருக்கும் பிடித்தது கலை நிகழ்ச்சி என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். அரங்கு நிறையும், மேடையில் வெளிச்சம், சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில் தெரியும். மறுநாள் எல்லோரும் "நல்லா பண்ணீங்க" என்பார்கள். பிரச்சினை, அதற்கடுத்த வாரம் பொருளாளர் கணக்குப் போடும்போது தெரியும். அரங்க வாடகை, ஒலி ஒளி, கலைஞர்களின் சம்பளம், போக்குவரத்து, அச்சுக்கூலி, நினைவுப் பரிசுகள், அப்புறம் கடைசி நிமிடத்தில் யாரோ கேட்ட கூடுதல் ஜெனரேட்டர். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்கிற கதைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், ஒரு நுழைவுச்சீட்டின் விலையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 500 சீட்டு விற்றால் 500 பங்கு. சிறப்பு மலரில் விளம்பரம் வாங்கி 300 பங்கு. ஆக வரவு 800. செலவு 480 என்றால் மிச்சம் 320. இதற்கு 25 உறுப்பினர்கள் ஆளுக்கு 30 மணி நேரம் அலைந்திருப்பார்கள்; மொத்தம் 750 மணி நேரம். அதாவது ஒரு மணி நேர உழைப்புக்கு அரைப் பங்குகூடத் தேறவில்லை.

பக்கத்திலேயே மாத நன்கொடையை வைப்போம். சங்கத்தின் நலம்விரும்பிகள் 60 பேர் மாதம் அரைப் பங்கு தருகிறார்கள். ஆண்டுக்கு 360 பங்கு. ரசீது அனுப்ப, நினைவூட்ட, கணக்கு எழுத இரண்டு பேருக்கு மாதம் ஐந்தைந்து மணி நேரம் போதும். வருஷத்துக்கு 120 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு மூன்று பங்கு. பாதியில் நின்றுவிடுகிறவர்களுக்காகக் கால்வாசியைக் கழித்துவிட்டாலும் 270 பங்கு, மணிக்கு இரண்டேகால். கலை நிகழ்ச்சியைவிட ஐந்து மடங்கு. உங்கள் சங்கத்தின் உண்மையான எண்களை இதே மாதிரி போட்டுப் பாருங்கள், விகிதம் மாறலாம். ஆனால் மணி நேரத்தைக் கணக்கில் எழுதும் பழக்கமே பெரும்பாலான சங்கங்களில் கிடையாது. உறுப்பினர்களின் நேரம் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். கலை நிகழ்ச்சி முடிந்த அடுத்த மாதம் ரத்ததான முகாமுக்கு ஆள் கூப்பிட்டால் பாதிப் பேர் வராதது அதனால்தான்.

அப்படியானால் கலை நிகழ்ச்சியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். புது உறுப்பினர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு வந்து நம்மைப் பார்த்துத்தான் சேருகிறார்கள். சங்கத்துக்குள் பேசாமலிருந்த இருவர் ஒன்றாகத் தோரணம் கட்டும்போது சமாதானம் ஆவதையும் பார்த்திருக்கிறேன். அதை அறிமுக விழாவாக நடத்துங்கள், கையைக் கடிக்காமல் இருந்தால் போதும் என்று வையுங்கள். அதை நம்பி முகாம் தேதி குறிக்காதீர்கள். மழை பெய்தால் முகாமும் போய்விடும்.

மாத நன்கொடைக்கும் பலவீனம் உண்டு. மெதுவாக வளரும். முதல் ஆறு மாதம் சிரிக்கும் அளவுக்குத்தான் பணம் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டும் என்பது. இந்த ஜூலையில் ஒருவர் விதைத்தால் அடுத்த ஜூலையில் வேறொருவர் அறுவடை செய்வார். தன் காலத்தில் பெயர் வர வேண்டும் என்று நினைக்கிற தலைவர் இதை ஆதரிக்க மாட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அமைப்பே அப்படி இருக்கிறது. எனவே மாத நன்கொடையைத் தொடங்குவதானால் அதை மூன்று ஆண்டுக்கு ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும்படி தனிப் பொறுப்பாக ஆக்க வேண்டும். தலைவர் மாறினாலும் அந்த ஆள் மாறக்கூடாது.

ஆண்டுக்கொருமுறை தலைமை மாறியும் ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு போக முடியும் என்பதற்குப் பெரிய சான்றுகள் இருக்கின்றன. 1925-இல் ஹெலன் கெல்லர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்டார். கண் தொடர்பான பணி இன்றுவரை அந்த அமைப்பின் முதல் அடையாளமாக இருக்கிறது. ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தில் இறங்கி, 1985-இல் அதை உலகளாவிய திட்டமாக்கியது. இலக்கு 120 மில்லியன் டாலர். 1988-இல் ஏறக்குறைய அதன் இரு மடங்கு சேர்ந்திருந்தது. எத்தனையோ தலைவர்கள் வந்து போனார்கள், திட்டம் மாறவில்லை. ஒரு சிறு சங்கத்துக்கு இந்த அளவு தேவையில்லை. ஒரே பள்ளி, ஒரே நோய், ஒரே வார்டு என்று ஐந்து ஆண்டு பிடித்துக்கொண்டால், நன்கொடை கேட்கும்போது முதல் வாக்கியத்திலேயே சொல்ல நம்மிடம் விஷயம் இருக்கும்.

குலுக்கல் சீட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. பல நாடுகளில் அதற்கு முன்அனுமதி வேண்டும், சில இடங்களில் நடத்தவே கூடாது. சட்டப்படி சரி என்றாலும், யார் விற்கிறார்கள் என்பது முக்கியம். எங்கள் சங்கத்தில் ஒருமுறை ஆளுக்கு ஒரு சீட்டுப் புத்தகம் கொடுத்து விற்கச் சொன்னோம். பாதிப் பேர் வெளியே யாரிடமும் விற்காமல் தாங்களே வாங்கிவிட்டார்கள். அது நிதி திரட்டல் ஆகாது. பரிசு வாங்கிய செலவோடு சேர்த்து உறுப்பினர்கள் மேல் போட்ட வரி. விற்கப்படாத ஒரு புத்தகம் திரும்பி வரவில்லை, குலுக்கல் நாளன்று அதை வைத்து எழுந்த சச்சரவு இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு இதற்கு இல்லை.

ஸ்பான்சர் வழி பார்க்க எளிது. ஒரே கையெழுத்தில் பெரிய தொகை. செலவும் குறைவு, உழைப்பும் குறைவு, மணிக்கணக்கில் பார்த்தால் இதை அடிக்க எதுவும் இல்லை. ஆனால் நிறுவனம் எதைத் தரும் என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளைத் தரும்: சக்கர நாற்காலி, ஆம்புலன்ஸ், குடிநீர் இயந்திரம், பெயர்ப் பலகை மாட்டக்கூடிய எதுவும். அந்த ஆம்புலன்ஸுக்கு ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், டயர் யார் தருவது என்றால் பதில் வராது. உலகெங்கும் ஓடாத வண்டிகளும் பழுதான குடிநீர் இயந்திரங்களும் யாரோ ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது இதனால்தான். எனவே ஸ்பான்சரிடம் பொருள் கேட்கும்போதே மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால், நம்மிடம் அதற்கான மாதப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுவதே மேல். இது பலருக்குப் பிடிக்காது, தெரியும்.

நிறுவனத்தின் பெயர் நம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதும் இருக்கிறது. சிகரெட் கம்பெனியின் பணத்தில் நுரையீரல் முகாம் நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் புரியும். சர்க்கரைப் பானக் கம்பெனியின் பணத்தில் நீரிழிவு முகாம் என்றால்தான் கூட்டத்தில் இரண்டு கட்சி ஆகும். யாரிடம் வாங்க மாட்டோம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால், காசோலை மேசையில் இருக்கும்போது வாக்குவாதம் நடக்காது.

மேலமைப்பின் மானியம் என்கிற வழியைச் சிறு சங்கங்கள் குறைவாகவே தொடுகின்றன. ரோட்டரி அறக்கட்டளைக்கு அந்த அமைப்பின் அப்போதைய தலைவர் ஆர்ச் கிளம்ப் 1917-இல் யோசனை சொன்னார், அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். லயன்ஸின் அறக்கட்டளை 1968-இல் உருவானது. இன்று இரண்டுமே பெரிய நிதியங்கள். ரோட்டரியின் உலகளாவிய மானியத்துக்குத் திட்டத்தின் மொத்த மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வேறொரு நாட்டுச் சங்கம் கூட்டாளியாக வேண்டும், திட்டம் மானியம் தீர்ந்த பிறகும் தன்காலில் நிற்கும் என்று காட்ட வேண்டும். இருபது பேர் கொண்ட சங்கத்துக்கு இது மலை. மாவட்ட மானியம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது; மாவட்டம் என்றால் இங்கே பல ரோட்டரிச் சங்கங்கள் சேர்ந்த பிரிவு. உறுப்பினர்கள் அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி மூன்று ஆண்டு கழித்து மாவட்டத்தின் கைக்குத் திரும்பி வரும். அதில் ஒரு பகுதி அங்கிருந்து இந்தச் சிறு மானியங்களாகச் சங்கங்களுக்குப் போகும். அதாவது நாம் கொடுத்ததையே நாம் கேட்கப் போகிறோம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதற்குத் தேவை ஓர் எழுத்தர் மனம். விண்ணப்பம், செலவுச் சீட்டுகள், புகைப்படங்கள், இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை. அறிக்கை தராத சங்கத்துக்கு அடுத்த மானியம் கிடைக்காது. உங்கள் சங்கத்தில் இதை முகம் சுளிக்காமல் செய்கிற ஒருவர் இருந்தால் மானியமே சிறந்த வழி. அவருக்குச் சால்வை போர்த்துங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். அரைகுறை அறிக்கை சங்கத்தின் பெயரைப் பல ஆண்டு கெடுக்கும்.

இணையத்தில் நிதி திரட்டலாமே என்று இளைய உறுப்பினர்கள் சொல்வார்கள். 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சவால் உலகம் முழுவதும் பரவியபோது ஏஎல்எஸ் என்கிற நரம்பு நோய்க்காக உழைக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு எட்டு வாரத்தில் 115 மில்லியன் டாலர் வந்தது. அதையே அடுத்த ஆண்டும் நடத்தினார்கள், மிகச் சிறிய பங்குதான் வந்தது. அலையை நாம் உண்டாக்க முடியாது, வந்தால் ஏறிக்கொள்ளலாம். ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சை, தீயில் எரிந்த வீடு என்று முகமும் கெடுவும் உள்ள தேவைக்கு இணையம் பிரமாதமாக வேலை செய்யும். "எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பணிகளுக்கு உதவுங்கள்" என்று போட்டால் உறுப்பினர்களின் மைத்துனர்கள் மட்டும் போடுவார்கள். வசூல் தளத்தின் கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள்.

நடைப்பயணம், ஓட்டம் போன்றவை கலை நிகழ்ச்சிக்கும் மாத நன்கொடைக்கும் நடுவில் நிற்கின்றன. பங்கேற்கிற ஒவ்வொருவரும் தன் நண்பர்களிடம் கேட்பார் என்பதுதான் இதன் பலம். கேட்கிற வேலை 25 பேரிடமிருந்து 200 பேருக்குப் பரவுகிறது. அரங்கு வாடகையும் இல்லை. முதலுதவிக் குழுவும் சாலை அனுமதியும் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. கார் கழுவுதல், பழைய பொருள் விற்பனை போன்ற உழைப்பு வழிகள் மாணவர் அணிக்கு ஏற்றவை. பணம் கொஞ்சமாக வரும், பிள்ளைகளுக்குப் பழக்கம் வரும்.

எந்த வழியை எடுத்தாலும், எப்படிக் கேட்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இதை நம் அனுபவத்தை மட்டும் வைத்துப் பேச வேண்டியதில்லை, பொருளியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழக மையத்துக்குக் கணினி வாங்க வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். தேவையான தொகையில் 10 சதவீதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று சிலருக்கு, 67 சதவீதம் இருக்கிறது என்று சிலருக்கு எழுதினார்கள். இரண்டாவது கடிதத்துக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு பணம் வந்தது. முடியப்போகிற வேலைக்குக் கைகொடுக்க மக்களுக்குப் பிடிக்கிறது. ஸ்பான்சர் பணத்தையும் உறுப்பினர் பங்கையும் முதலில் வாங்கிவைத்துக்கொண்டு, கடைசி மூன்றில் ஒரு பங்குக்குப் பொதுமக்களிடம் போவதே சரியான வரிசை. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

"நீங்கள் தருவதற்கு ஈடாக இன்னொருவரும் தருவார்" என்கிற இணைநிதி பற்றியும் சோதனை உண்டு. டீன் கார்லனும் அதே லிஸ்டும் 2007-இல் வெளியிட்டது. இணைநிதி உண்டு என்று சொன்னாலே ஒரு கடிதத்துக்குக் கிடைத்த தொகை 19 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று உயர்த்தியதால் மேற்கொண்டு எதுவும் கூடவில்லை. எனவே பெரிய மனிதர் ஒருவர் மூன்று மடங்கு தருகிறேன் என்று முன்வந்தால், ஒரு மடங்காக மூன்று ஆண்டு தரச் சொல்லுங்கள்.

இனி பணத்தையும் பணியையும் சேர்த்துப் பார்ப்போம். ரத்ததான முகாம், மரம் நடுதல், ஒருநாள் மருத்துவப் பரிசோதனை இவையெல்லாம் ஒருமுறைப் பணத்தில் நடக்கும். நட்ட மரத்துக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டால், மரம் நடுதலும்கூட. மாலை நேரப் பாடவகுப்பு, டயாலிசிஸ் உதவி, கல்வி உதவித்தொகை போன்றவை மாதா மாதம் கேட்கும். கலை நிகழ்ச்சிப் பணத்தில் உதவித்தொகை தொடங்கியதுதான் எங்கள் சங்கம் செய்த மிகப்பெரிய தவறு. முதல் ஆண்டு ஆறு மாணவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்புக்கு வாக்குக் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டு நிகழ்ச்சி கையைக் கடித்தது. ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டிய வேலை பொருளாளர் தலையில் விழுந்தது. கடைசியில் உறுப்பினர்கள் கைக்காசு போட்டு நான்கு பேரைக் கரை சேர்த்தோம். மற்ற இருவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

உங்கள் சங்கம் சிறியது, உறுப்பினர்கள் இருபது முப்பது பேர் என்றால் என் பரிந்துரை இது. நீண்ட பணி ஒன்றே ஒன்று, அதற்கு மாத நன்கொடை. கையில் ஓராண்டுக்கான பணம் சேர்ந்த பிறகே யாருக்கும் வாக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு நடைப்பயணம், அதில் வருவது ஒருமுறைப் பணிகளுக்கு. ஸ்பான்சர் பொருள் கொடுத்தால் பராமரிப்போடு. கலை நிகழ்ச்சி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எண்பது நூறு பேர் கொண்ட பழைய சங்கம் என்றால் கணக்கு வேறு. அங்கே தொழில் தொடர்புகள் அதிகம், ஸ்பான்சரும் மானியமும் முன்னால் வரும், மாத நன்கொடை பராமரிப்புக்கு. மாணவர் அணிக்கு உழைப்பு வழிகளும் நடைப்பயணமும் போதும், அவர்களைப் பெரிய தொகைக்குத் துரத்தாதீர்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைச் சங்க நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடாது என்பது லயன்ஸ் அமைப்பின் விதி. நிர்வாகக் கணக்கு தனி, சேவைக் கணக்கு தனி. எந்தச் சங்கமாக இருந்தாலும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது. கூட்டச் செலவு, பதவியேற்பு விழா, சால்வை எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. ஊரார் கொடுத்தது பணிக்கு. ஒரே கணக்கில் இரண்டும் கலந்தால் யாரும் திருடாமலே பணம் இடம் மாறிவிடும். முகாமுக்கு வைத்தது பதவியேற்புக்குப் போகும், "அப்புறம் போட்டுவிடலாம்" என்பார்கள், ஜூன் 30 வந்துவிடும்.

மாத நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. முதல் பட்டியலில் பணக்காரர்களை எழுதாதீர்கள். கடந்த மூன்று ஆண்டில் நம் முகாமுக்கு ரத்தம் கொடுத்தவர்கள், நாற்காலி தூக்கிப்போட வந்தவர்கள், மலர் அச்சடித்துக் கொடுத்தவர் என்று நம் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களை எழுதுங்கள். எங்கள் பட்டியலில் முதல் நாற்பது பெயர் அப்படித்தான் வந்தது. அவர்களில் முப்பத்திரண்டு பேர் நான் பொறுப்பை ஒப்படைத்தபோதும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.